கேம் செஞ்சவங்களோட ஒரே டேபிள்ல டின்னர்: உங்க கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ஆன்லைன் கேம் ரசிகர் மாநாடுகள் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கே இவ்ளோ கேள்வி வந்திருக்கு, அதுலயும் நிறைய பேரு கேட்டிருக்கறது ஒரே விஷயம்தான், கம்பெனி ஆளுங்களோட உக்காந்து சாப்பிடுற அந்த விருந்து. அதனால இந்த தடவ முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: எனக்கு சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம், இப்ப டெக்சாஸ்ல ஐடி வேலை. காலேஜ் நாள்ல இருந்து ஒரே ஆன்லைன் கேம்தான் விளையாடுறேன். அந்த கம்பெனி நடத்துற மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டேன் அண்ணா, அதுல ஒரு நாள் நைட்டு ஸ்டாஃபோட டின்னர் இருக்கு. அவங்ககிட்ட என்ன பேசுறதுன்னு நினைச்சாலே கை சில்லுனு ஆகுது. (வாசகர், டெக்சாஸ்)

பதில்: கை சில்லுனு ஆகட்டும் தம்பி, அவ்ளோ பிடிச்ச விஷயம்னா அப்படித்தான் இருக்கும். ஆனா ஒண்ண மட்டும் மனசுல வாங்கிக்கங்க, உங்க பக்கத்துல வந்து உக்காரப் போறது கம்பெனி இல்ல, அங்க மாச சம்பளத்துக்கு வேலை பாக்குற ஒரு ஆளு. காலையில இருந்து மேடையிலயோ டெமோ ஸ்டால்லயோ நின்னு கால் கடுத்துப் போய், கழுத்துல பேட்ஜோட, நல்ல பசியோட வந்து உக்காருவாங்க. முதல் பத்து நிமிஷம் அவங்கள சாப்பிட விடுங்க, இத ஏன் சொல்றேன்னா நிறைய பேரு உக்காந்த உடனே கேள்விய ஆரம்பிச்சுடறாங்க, பாவம் அந்த ஆளு ரொட்டிய கையில புடிச்சுக்கிட்டே பதில் சொல்லிட்டு இருப்பாங்க.

இந்த மாதிரி விருந்து ரொம்ப நாளாவே இருக்கு. எவர்குவெஸ்ட் கேம் 1999 மார்ச் 16 அன்னைக்கு வெளியாச்சு, அத நடத்தின சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் கம்பெனி ஃபேன் ஃபேர்ங்கற பேர்ல ரசிகர் கூட்டம் போட ஆரம்பிச்சாங்க, பல வருஷம் லாஸ் வேகாஸ்ல நடந்துச்சு, பின்னாடி 2012ல எஸ்ஓஇ லைவ்னு பேர மாத்தினாங்க. விருந்தும் வேஷப் போட்டியும் அதுல முக்கியமான அயிட்டம். வருஷக்கணக்கா ஒரே கில்டுல, அதாவது கேம்ல சேந்து விளையாடற குழுவுல, ராத்திரி முழிச்சு விளையாடினவங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்திருக்க மாட்டாங்க, அங்க வந்துதான் நேர்ல கட்டிப் புடிச்சுக்குவாங்க. கேம் செஞ்சவங்களுக்கும் அதே நிலைமைதான், அவங்க பாக்குறதெல்லாம் சர்வர்ல எத்தன பேரு, எந்த லெவல்ல விட்டுட்டு போறாங்கங்கற நம்பர்தான், அந்த நம்பருக்குப் பின்னாடி இருக்கற ஆள நேர்ல பாக்குறது அவங்களுக்கும் அபூர்வம். அதனால நீங்க சொல்றத கேக்கவே அவங்க வந்திருக்காங்கன்னு நம்பிப் பேசுங்க.

ஒரு விருந்துல எங்க டேபிளுக்கு வந்தவரு சவுண்ட் டிசைனர். சுத்தி இருந்த எல்லாரும் அடுத்த எக்ஸ்பான்ஷன், அதாவது கேமோட புது பாகம் எப்போ, இந்த கேரக்டர் வகைய எப்ப சரி பண்ணுவீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவரு சிரிச்சு சிரிச்சு "அது என் டீம் இல்லங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. அப்ப எதிர்ல இருந்த ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், "அந்த வாள உறையில இருந்து உருவுற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது எப்படி பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க. மனுஷன் முகமே மாறிடுச்சு. கையில இருந்த ஃபோர்க்க திருப்பி தட்டு ஓரத்துல மெதுவா இழுத்துக் காட்டினாரு, "இது அடி சத்தம்"னாரு, அப்புறம் தண்ணி கிளாஸ் விளிம்புல கத்திய லேசா தட்டி "இது மேல போடறது, ரெண்டையும் சேத்து கொஞ்சம் வேகத்த குறைச்சா வரும்"னாரு, சர்வ் பண்ண வந்த பொண்ணு கூட தட்ட எடுக்காம நின்னு பாத்துச்சு. அதுக்கப்புறம் டெசர்ட் வர்ற வரைக்கும் அந்த டேபிள்ல பேச்சு நிக்கவே இல்ல.

அதனால உக்காந்த உடனே "நீங்க எந்த வேலை பாக்குறீங்க, எங்க எல்லாம் உங்க கை இருக்கு?"ன்னு கேளுங்க. ஒரு கேம்ல ஆர்ட், சவுண்ட், குவெஸ்ட் (கேம்ல முடிக்க வேண்டிய பணி) எழுதறவங்க, சர்வர் பாக்குறவங்க, கேம்ல பிழை கண்டுபிடிக்கிற கியூஏ, கஸ்டமர் சப்போர்ட்னு நூத்துக்கணக்குல ஆளுங்க இருக்காங்க, மேடையில ஏறுறது அதுல ஏழெட்டு பேர்தான். உங்க டேபிளுக்கு வர்றவரு மேடையில பாத்தவரா இல்லன்னு முகம் சுளிச்சுடாதீங்க, கியூஏல பத்து வருஷம் இருந்தவங்ககிட்ட இருக்கற கதை டைரக்டர்கிட்ட கூட இருக்காது. உங்க சொந்தக் கதை ஒண்ணையும் ரெடியா வச்சிருங்க, எந்த இடத்துல மாட்டினீங்க, எந்த குவெஸ்ட்ல அழுதீங்க, எந்த ராத்திரி ஆஃபீஸ் போறதையும் மறந்து விளையாடினீங்க, அது போதும்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அந்த மாதிரி ஹோட்டல் விருந்துல எனக்கு என்ன கிடைக்கும்? குடிக்கறவங்க நடுவுல உக்காந்தா தப்பா எடுத்துப்பாங்களா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: டிக்கெட் புக் பண்ணும்போதே சாப்பாடு பத்தி ஒரு கட்டம் இருக்கும், அத காலியா விடாம தெளிவா எழுதுங்க, வெறும் வெஜிடேரியன்னு போட்டா முட்டையும் சீஸும் வரும், அதனால முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், கறி வேகவச்ச தண்ணியும் வேண்டாம்னு பிரிச்சு போடுங்க. ஏன்னா அங்க சூப் பாக்க காய்கறி சூப்பா இருக்கும், அடியில கோழி ஸ்டாக் இருக்கும். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்ல நெத்திலி மீன் அரைச்சு போடுவாங்க, முட்டையும் உண்டு. ஜெல்லி மாதிரி ஆடுற டெசர்ட்ல ஜெலட்டின் இருக்கலாம். உக்காந்ததும் சர்வ் பண்றவங்ககிட்ட உங்க ஸ்பெஷல் பிளேட் லிஸ்ட்ல இருக்கான்னு இன்னொரு தடவ கேட்டுடுங்க, அதுக்கெல்லாம் யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. சைவத்துக்கு பெரும்பாலும் பாஸ்தாவோ சுட்ட காய்கறியோதான் வரும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரூம்ல ஏதாவது சாப்பிட்டுட்டு போறது நல்லது.

குடி விஷயம் கவலையே படாதீங்க, ஐஸ் டீயோ சோடாவோ கையில வச்சுக்கங்க, யாரும் கேக்க மாட்டாங்க. குடிக்கிற பழக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, அமெரிக்காவுல 21 வயசு ஆகணும், ஐஸ்லாந்துல 20, இந்தியாவுல இருந்து போறவங்க பாஸ்போர்ட்ட காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: அண்ணை, அந்தக் கேமின்ரை கதை முழுக்க எனக்குப் பாடம். போன அப்டேட்டிலை ஒரு பெரிய பிழை விட்டிருக்கினம். விருந்திலை அதைச் சொன்னால் கோவிப்பினமோ? (வாசகர், டொராண்டோ)

பதில்: கோவிச்சுக்கவே மாட்டாங்க, தாராளமா சொல்லுங்க. இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. பிளிஸார்ட்ங்கற கேம் கம்பெனி பிளிஸ்கான்னு ஒரு ரசிகர் மாநாடு நடத்துவாங்க, 2010ல அங்க அவங்களோட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமோட கதை பத்தி கேள்வி நேரம் நடந்துச்சு. சிவப்பு சட்டை போட்ட ஒரு பையன் மைக்குக்கு வந்தான், குள்ளர்களோட மூணு குலமும் சேந்து ஒரு சபை அமைச்சிருக்கீங்களே, வைல்ட்ஹேமர் குலத்துக்குத் தலைவனா இருந்த ஃபால்ஸ்டாட் என்ன ஆனான்னு கேட்டான். மேடையில இருந்தவரு அவன் செத்துட்டான்ல, நாவல்லயே வந்துச்சேங்கற மாதிரி சொன்னாரு. இல்ல, அவன் உயிரோட இருக்கான், கேம் வந்த நாள்ல இருந்து அதுல வர்ற ஏரி பீக்ங்கற ஊர்ல நிக்கறான்னு பையன் பொறுமையா சொன்னான். மொத்த ஹாலும் கை தட்டுச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, சபையில ஃபால்ஸ்டாட்டையே உக்கார வச்சாங்க, அவன் பக்கத்துல சிவப்பு சட்டை போட்ட ஒரு குள்ளன நிக்க வச்சு "வைல்ட்ஹேமர் தகவல் சரிபார்ப்பவன்"ங்கற அர்த்தத்துல பேரும் வச்சாங்க. கேம்ல குள்ளர்களோட ஊரான அயர்ன்ஃபோர்ஜ் ராஜ மண்டபத்துல அவன பாக்கலாம்.

அந்தப் பையன் சொன்ன விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு அவன் சொல்லல, விஷயத்த மட்டும் சொன்னான், எங்க பாத்தேங்கறதயும் சேத்து சொன்னான். நீங்களும் அப்படியே செய்யுங்க. எந்த ஊர்ல எந்த கேரக்டர் என்ன சொல்றாங்கன்னு துல்லியமா சொன்னீங்கன்னா உங்க டேபிள்ல இருக்கறவரு ஃபோன எடுத்து குறிச்சுக்கவும் வாய்ப்பு இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அங்க உக்காந்திருக்கறது கதை டீமா இல்லயான்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க, நெட்வொர்க் இன்ஜினியர்கிட்ட குள்ளர் வம்சாவளி பத்தி வாக்குவாதம் பண்ணா அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் அவங்ககிட்ட இருந்து ரகசியம் ஏதாச்சும் கறந்துடலாம்னு என் ஃபிரண்டு சொல்றான். அப்படி நடக்குமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அந்த ஆசைய விட்டுடுங்க, உங்க ஃபிரண்டையும் விடச் சொல்லுங்க. வேலைல சேரும்போதே ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவங்க அவங்க. அறிவிக்காத விஷயம் ஒண்ணு அவங்க வாயில இருந்து வந்துச்சுன்னா அவங்க வேலை போகும், கம்பெனி பங்குச் சந்தையில இருந்தா சிக்கல் இன்னும் பெருசு. நீங்க நாளைக்கு மறந்துடுவீங்க, அவங்களுக்கு வீட்டு லோன் இருக்கு. "அத பத்தி பேச முடியாது"ன்னு ஒரு தடவ சொன்னா அந்தப் பேச்ச அங்கயே விட்டுடுங்க, சுத்தி வளைச்சு கேட்டு பாக்காதீங்க.

இன்னொரு விஷயம், அவங்க எந்த கேரக்டர் பேர்ல விளையாடுறாங்கன்னும் கேக்காதீங்க. இதுக்கு பின்னாடி பெரிய கதையே இருக்கு. ஐஸ்லாந்துல சிசிபின்னு ஒரு கம்பெனி, ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி கேம் நடத்துறாங்க, 2003 மே மாசம் வந்தது, அதுல கப்பல், தொழிற்சாலை, போர் எல்லாத்தையும் விளையாடுறவங்களே நடத்துவாங்க. அங்க வேலை பாத்த ஒருத்தரு, தான் விளையாடுற கூட்டணிக்கு கேம்ல பொருள் செய்யத் தேவையான, வேற யாருக்கும் லேசுல கிடைக்காத வரைபடங்கள எடுத்துக் குடுத்துட்டாரு, 2007 பிப்ரவரில அது வெளிய வந்து அவரே ஒத்துக்கிட்டாரு. கேம் முழுக்க கொந்தளிச்சுது. அதுக்கப்புறம் ஊழியர்களோட கணக்க கண்காணிக்க உள்ளுக்குள்ளயே தனி பிரிவு வச்சாங்க, 2008ல இருந்து விளையாடுறவங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற ஒரு கவுன்சிலும் வந்துச்சு, ஜெயிச்சவங்க ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டு ரெய்க்யாவிக் போய் கம்பெனியோட உக்காந்து பேசுறாங்க. ஊழியர் தன் கேரக்டர் பேர வெளிய சொல்லக் கூடாதுங்கறது அங்க கறாரான விதி. ஒரே டேபிள்ல சாப்பிடற பழக்கம் எப்ப சலுகையா மாறுதோ அப்ப மத்த எல்லாரோட விளையாட்டும் கெட்டுப் போகுது. அதனால தடை பண்ணின அக்கவுன்ட்ட திருப்பி வாங்கிக் குடுங்க, அபூர்வ அயிட்டம் குடுங்கன்னு கேக்கறதும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல எம்எஸ் படிக்கிறான், கேம் டிசைன்னா உயிர். ஒரு கேம் ஐடியாவ முப்பது பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கான், விருந்துல அத குடுத்தா வேலை கிடைக்கும்னு நம்பறான். குடுக்கலாமாங்க? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: அம்மா, பையனோட ஆர்வத்துக்கு என் வாழ்த்துகள், ஆனா அந்த முப்பது பக்கத்த விருந்துக்கு எடுத்துட்டு போக வேண்டாம்னு கண்டிப்பா சொல்லுங்க. வெளி ஆளு குடுக்கற ஐடியாவ வாங்கவே கூடாதுன்னு பெரும்பாலான கேம் கம்பெனிங்க தங்களோட ஊழியர்களுக்கு சொல்லி வச்சிருப்பாங்க. காரணம் சட்டம்தான். அதே மாதிரி ஒரு கேம் ஏற்கனவே உள்ள தயாராகிட்டு இருக்கலாம், ரெண்டு வருஷம் கழிச்சு அது வெளிய வந்தா இது என் ஐடியான்னு கேஸ் வரும். அதனால பேப்பர நீட்டின உடனே அவங்க கைய பின்னாடி இழுத்துக்குவாங்க, பையன் மனசு ஒடிஞ்சு போவான், அவங்களுக்கும் தர்மசங்கடம்.

பையன் செய்ய வேண்டியது வேற. ஐடியாவ எழுதறத விட சின்னதா ஒரு கேம முடிச்சு வெளியிடட்டும், பத்து நிமிஷம் விளையாடற மாதிரி இருந்தா கூட போதும், அன்ரியல், யூனிட்டி, கோடாட்னு டூல் எல்லாம் இருக்கு, கோடாட் முழுக்க இலவசம். விருந்துல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "நீங்க எப்படி உள்ள வந்தீங்க, முதல் வேலை என்ன, இப்ப ஆள் எடுக்கும்போது எதப் பாக்குறாங்க?"ன்னு கேட்டா மனசு திறந்து சொல்லுவாங்க, பல பேரு கஸ்டமர் சப்போர்ட்லயோ கியூஏலயோ ஆரம்பிச்சு டிசைனுக்கு வந்தவங்க. அவங்களே கேட்டா மட்டும் தன் கேம் லிங்க் இருக்கற கார்ட குடுக்கட்டும். அடுத்த நாள் ரெண்டு வரி நன்றி மெயில், அவ்ளோதான், வாரா வாரம் ஞாபகப்படுத்தக் கூடாது. முப்பது பக்கத்த வீட்ல பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்கம்மா, அவன் சொந்தமா செய்யும்போது உதவும்.

கேள்வி: நான் தனியா போற பொண்ணு. விருந்து முடிஞ்சதும் எல்லாரும் பாருக்கு போவாங்க, சில பேரு ரூம்ல பார்ட்டி வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். போகலாமா? (வாசகி, பெங்களூரு)

பதில்: விருந்துக்கு கண்டிப்பா போங்க, பயந்துட்டு விட்டுடாதீங்க. பெரிய ஹால், வெளிச்சம், வட்ட டேபிள்ல எட்டு பத்து பேரு, செக்யூரிட்டி, அங்க பிரச்சனை வர்றது குறைவு. அதுக்கப்புறம் நடக்கறதுல ரெண்டு வகை இருக்கு. ஈவ் ஃபேன்ஃபெஸ்ட்ல, ரெய்க்யாவிக்ல 2004ல இருந்து நடக்குது, கம்பெனி ஆளுங்களே விளையாடுறவங்கள குழு குழுவா பிரிச்சு ஊர்ல இருக்கற பப்பு பப்பா கூட்டிட்டு போற பழக்கம் உண்டு, அது மாநாட்டோட நிகழ்ச்சி நிரல்லயே இருக்கறது, பொது இடம், கூட்டமா போறது. ஆனா யாரோ ஒருத்தரோட ஹோட்டல் ரூமுக்கு போறது வேற விஷயம், அழைச்சவரு எவ்ளோ பெரிய பதவில இருந்தாலும் சரி, பதவி பெருசா இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லுவேன். 2021 ஜூலைல கலிபோர்னியா அரசுத் துறை ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மேல வழக்கு போட்டப்ப, பிளிஸ்கான் சமயத்துல ஒரு ஹோட்டல் அறைய சுத்தி நடந்ததா சொல்லப்பட்ட குற்றச்சாட்டும் அந்த மனுவுல இருந்துச்சு. அங்கேயே வேலை பாக்குற பெண்களோட நிலைமை பத்தின வழக்கு அது. அதனால லாபில, பார்ல, நாலு பேரு நடமாடற இடத்துல பேசுங்க, மேல ரூமுக்குன்னா வேண்டாம்.

கில்டுல தெரிஞ்ச பொண்ணுங்க யாராவது வர்றாங்களான்னு முன்னாடியே கேட்டு ஒரே டேபிள்ல உக்காரப் பாருங்க. மாநாட்டோட நடத்தை விதியும் புகார் குடுக்கற நம்பரும் நிகழ்ச்சி கையேட்டுல போட்டிருப்பாங்க, அத ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சு வச்சுக்கங்க. யாராவது எல்லை மீறினா அது உங்க தப்பு இல்ல, அப்பவே போய் சொல்லுங்க, விருந்து கெட்டுப் போயிடுமேன்னு யோசிக்காதீங்க.

கேள்வி: சாதாரண டிக்கெட்ட விட விருந்து டிக்கெட் மூணு மடங்கு விலை. அவ்ளோ குடுக்கலாமா? (வாசகர், ஷார்ஜா)

பதில்: காசு எங்க போகுதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க. 2019 பிளிஸ்கான்ல சாதாரண பாஸ் 229 டாலர், முந்தின நாள் சாயங்காலம் ஊழியர்களோட உக்காந்து சாப்பிடற விருந்தோட சேத்து எடுத்தா 750 டாலர். அந்த விருந்து ஆரஞ்சு கவுண்டில இருக்கற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டறதுக்காக நடந்தது. அந்த மாதிரி இருந்து, உங்களால கடன் இல்லாம முடிஞ்சா, தாராளமா குடுங்க. வெறும் சாப்பாட்டுக்கும் ஃபோட்டோவுக்கும் அவ்ளோன்னா நான் குடுக்க மாட்டேன், மாநாட்டு ஹால்லயே மதியம் காபி வரிசையில நிக்கும்போது அதே ஆளுங்க பக்கத்துல நிப்பாங்க.

கேள்வி: எங்க கில்டுல பத்து வருஷமா கூட இருந்த ஃபிரண்டு போன வருஷம் கேன்சர்ல போயிட்டான். ரெண்டு பேரும் சேந்து இந்த விருந்துக்கு போகணும்னு பேசி வச்சிருந்தோம். நான் தனியா போறேன். அவன பத்தி அங்க பேசலாமா, சந்தோஷமான இடத்துல சோகத்த கொண்டு போற மாதிரி ஆகிடுமா? (வாசகர், திருச்சி)

பதில்: பேசுங்க. கண்டிப்பா பேசுங்க. உங்க ஃபிரண்டுக்கு என் அஞ்சலி. இத கேக்க அந்த டேபிள்ல இருக்கறவங்கள விட தகுதியான ஆளுங்க கிடையாது, ஏன்னா நீங்க ரெண்டு பேரும் பத்து வருஷம் சந்திச்சுக்கிட்ட இடத்த கட்டினவங்க அவங்கதான். அவங்களுக்கு இது புதுசும் இல்ல. 2007ல மூளைக் கட்டியோட இருந்த பத்து வயசுப் பையன் ஒருத்தன் மேக் எ விஷ் அமைப்பு மூலமா பிளிஸார்ட் ஆஃபீஸுக்கு போனான், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல தனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு குவெஸ்ட்ட அவனே வடிவமைச்சான், ஒரு கேரக்டருக்கு அவனே குரலும் குடுத்தான், அந்த குவெஸ்ட்ல தேடப்படற நாய்க்கு அவன் வளத்த நாயோட பேரையே வச்சாங்க. அடுத்த வருஷம் அந்தப் பையன் இறந்துட்டான். அவன் பேரு எஸ்ரா, அவன் நினைவா கேம்ல எல்டர் எஸ்ரா வீட்ஹூஃப்ங்கற பேர்ல ஒரு கேரக்டரயே வச்சுட்டாங்க, எல்டர்ங்கறது பெரியவர்ங்கற பட்டம்.

உங்க ஃபிரண்டோட கேரக்டர் பேரு, அவன் என்ன கிளாஸ், எப்படி சண்டை போடுவான், எதுக்கு சிரிப்பான், அத சொல்லுங்க. நினைவா ஏதாவது வைக்கச் சொல்லி கேக்காதீங்க, அது அவங்க கையில மட்டும் இல்ல, கேக்கறவங்க நிறைய பேரு இருப்பாங்க. சும்மா அவன பத்தி சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், டேபிள்ல இருக்கறவங்களுக்கும் வரும்.

கேள்வி: நான் அங்க போய் சண்டை போடத்தான் போறேன். எங்க கேம கெடுத்து வச்சிருக்காங்க, மேடையில சொன்னதெல்லாம் வரல. நேர்ல நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன். (வாசகர், சென்னை)

பதில்: உங்க கோவத்துல நியாயம் இருக்கு. 2013ல எஸ்ஓஇ லைவ் மேடையில எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்னு புது கேம காட்டினாங்க, ஹால் முழுக்க எழுந்து நின்னு கத்தினாங்க, 2016 மார்ச்ல அத நிறுத்திட்டோம்னு சொல்லிட்டாங்க. காசும் நேரமும் மனசும் குடுத்தவனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனா அந்த முடிவ எடுத்தவங்க உங்க டேபிள்ல இருக்க மாட்டாங்க, இருக்கறவங்களுக்கு அவங்க வேலையே எப்ப போகும்னு தெரியாது. 2014 ஆகஸ்ட்ல அதே மாநாடு லாஸ் வேகாஸ்ல நடந்துச்சு, 2015 பிப்ரவரில சோனி அந்த கம்பெனியவே வித்துடுச்சு, டேபிரேக்னு பேரு மாறிச்சு, அதே மாசம் ஆட்குறைப்பு, எவர்குவெஸ்ட்ட முன்னாடி நின்னு நடத்தினவங்களே அதுல போனாங்க. 2023 நவம்பர் 3, 4 தேதில அனஹைம்ல பிளிஸ்கான் நடந்துச்சு, மூணு மாசம் கூட ஆகல, 2024 ஜனவரி 25 அன்னைக்கு பிளிஸார்ட வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் தன்னோட கேம் பிரிவுல 1,900 பேர வேலைய விட்டு அனுப்புச்சு, பிளிஸார்ட் ஆளுங்களும் அதுல அடக்கம், அவங்க வருஷக்கணக்கா செஞ்சிட்டு இருந்த ஒரு கேமும் அன்னைக்கே நின்னு போச்சு. நவம்பர்ல ரசிகர்களோட நின்னு சிரிச்சு ஃபோட்டோ எடுத்துக்கிட்டவங்கள்ல எத்தன பேருக்கு அந்த மெயில் வந்திருக்கும்.

அதனால உங்க கோவத்த எழுத்துல கம்பெனிக்கு அனுப்புங்க, சப்ஸ்கிரிப்ஷன நிறுத்துங்க, கேள்வி நேரத்துல மைக்கு முன்னாடி நின்னு கேளுங்க, அதுக்குத்தான் மேடை இருக்கு. டேபிள்ல இருக்கறவங்ககிட்ட "இந்த மாற்றம் வந்ததுல இருந்து என்னால ஹீலரா விளையாடவே முடியல, ஏன்னா"ன்னு ஆரம்பிச்சு என்ன நடந்துச்சுன்னு சொன்னா, அத அவங்க திங்கக்கிழமை மீட்டிங்ல போய் சொல்லுவாங்க. திட்டினீங்கன்னா எழுந்து வேற டேபிளுக்கு போயிடுவாங்க, அந்த டேபிள்ல இருக்கற மத்த எட்டு பேருக்கும் அந்த ராத்திரி போச்சு.

கேள்வி: கையெழுத்து, ஃபோட்டோ எப்ப கேக்கறது? எதுல வாங்குறது? (வாசகி, கொழும்பு)

பதில்: டெசர்ட் தட்டு எடுத்ததுக்கப்புறம் கேளுங்க, வாயில சாப்பாடு இருக்கும்போது வேண்டாம். பழைய கேம் பெட்டி, மேனுவல், இல்லன்னா உங்க பேட்ஜோட பின்பக்கம், எது இருந்தாலும் சரி, அதுல வேலை பாத்தவங்ககிட்டயே வாங்குங்க. பளபளப்பான பெட்டிக்கு சில்வர் பெர்மனென்ட் மார்க்கர் நீங்களே கொண்டு போயிடுங்க, அங்க யார்கிட்டயும் இருக்காது. டேபிளுக்கு வந்த எல்லா ஸ்டாஃப்கிட்டயும் கேளுங்க, பிரபலமானவர்கிட்ட மட்டும் வாங்கிட்டு பக்கத்துல இருக்கற ஜூனியர விட்டுடாதீங்க, அவங்களுக்கு அதுதான் வாழ்க்கைல முதல் கையெழுத்தா கூட இருக்கலாம். ஃபோட்டோவ நெட்ல போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. மை காய ஒரு நிமிஷம் விட்டுட்டு பெட்டிய பைக்குள்ள வைங்க.